முந்நூற்றுப் பதினேழு எதிர்பார்த்த தோல்விகள்

அலுவலகத்தில் அவரைப் பச்சையண்ணன் என்று கூப்பிடுவார்கள். நிறத்தால் வந்த பெயர் இல்லை. குணத்தால் வந்த பெயரும் இல்லை. அப்படி ஒன்று இருந்தால்தானே அதிலிருந்து பெயர் வரும். அந்த அலுவலகத்தின் நடுச்சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறது. அது பச்சையாக இருந்தால் எல்லாம் நலம். சிவப்பாக இருந்தால் எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது. பதினோரு வருடமாக அந்தத் திரையைச் சிவக்க விடாமல் காத்தவர் என்று அவருக்குப் பெயர். எப்படிக் காத்தார் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. மரியாதைக்குரிய மனிதரின் வாழ்க்கைக் குறிப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

கம்பெனி செய்வது நல்ல காரியம். தனியாக வசிப்பவர்களுக்கு ஒரு பெட்டி விற்கிறது. பெட்டி கூடத்தில் இருக்கும். அதோடு சேர்ந்த பொத்தான் ஒன்று கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ பொத்தானை அமுக்கினால் போதும், பெட்டி தானாகவே உறவினர் ஒருவருக்கு போன் போடும். அவர் வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி போடும். அப்போதும் கிடைக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகும். பெட்டிக்குள் இருக்கும் சாஃப்ட்வேரை எழுதுவதும், அதைச் சோதிப்பதும் இந்த அலுவலகத்தின் வேலை. பெட்டியில் மூன்று வகை உண்டு: புதிதாக வந்த வெள்ளைப் பெட்டி, அதற்கு முந்திய நீலப் பெட்டி, எல்லாவற்றுக்கும் முதலில் வந்த சாம்பல் நிறப் பெட்டி. சாம்பல் பெட்டி விற்பதை நிறுத்தி வருடக்கணக்கு ஆகிறது. ஆனாலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அதுதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. வாங்கியவர்கள் வயதானவர்கள். ஓடுகிற பொருளை அவர்கள் மாற்றுவதில்லை.

சாஃப்ட்வேரில் யார் எதைத் தொட்டாலும் நாலாயிரம் டெஸ்டுகள் மூன்று வகைப் பெட்டியிலும் ஓடும். ஒன்று தோற்றாலும் திரை சிவக்கும். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரு டெஸ்ட் குறிப்பிட்ட ஒரு பெட்டியில் தோற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதன் மேல் 'எதிர்பார்த்த தோல்வி' என்று ஒரு குறி போட்டு, ஒரே ஒரு வரியில் காரணம் எழுதிவிடலாம். பிறகு அது தோற்றாலும் திரை பச்சையாகவே இருக்கும். இதைக் கண்டுபிடித்தவர்கள் யோக்கியமானவர்கள். இன்றைக்கு நேரமில்லை, அடுத்த வாரம் சரிசெய்கிறோம், அதுவரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த குறி அது. மறந்துவிடக் கூடாது என்று வைத்ததை, நிம்மதியாக மறப்பதற்கு வசதியாக மாற்றியது நம்முடைய பச்சையண்ணன்.

அவருடைய பட்டியலில் அப்போது முந்நூற்றுப் பதினேழு குறிகள் இருந்தன. அத்தனையும் சாம்பல் பெட்டிக்கு. காரணம் எழுதுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. 'பழைய மாடல்.' 'விரைவில் புழக்கத்திலிருந்து நீங்கும்.' 'வன்பொருள் குறை, சாஃப்ட்வேரால் சரிசெய்ய இயலாது.' அவருக்கு மிகவும் பிடித்த காரணம், 'வாடிக்கையாளரிடமிருந்து புகார் இல்லை' என்பது. தரையில் விழுந்து கிடப்பவர் எழுந்து வந்து புகார் எழுதமாட்டார் என்பது பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவருக்கு உறைக்கவில்லை.

வீட்டிலும் இதே வித்தைதான். குளியலறைக் கதவு சாத்தினால் நிற்காது. 'தூக்கிச் சாத்தவும்' என்று சீட்டு எழுதி ஒட்டினார். கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் மெதுவாக ஓடும். 'பத்து கூட்டிக்கொள்ளவும்' என்று அதன் கீழே இன்னொரு சீட்டு. சுவரில் ஆணி அடிக்க வந்த ஒருவர், "அண்ணே, ஒரு ஸ்க்ரூவைத் திருகினா கதவு நின்னுடும்" என்றபோது, "அது அப்படித்தான் இருக்கும், நீங்க ஆணிய அடிங்க" என்றார். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மனைவி இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள். "நம்ம வீட்டுல எதுவும் கெட்டுப்போகாது. எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். அவர் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அவரை இவ்வளவு தூரத்துக்கு ஆளாக்கியது அவருடைய அக்கா. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி ஒருவன் போதாதா பாடுபட. முப்பது வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, தையல், காலர், காஜா எல்லாம் பார்ப்பாள். குறை இருந்தால் நீலச் சாக்பீஸால் முதுகுப்பக்கத்தில் குறி போடுவாள். ஒற்றைக் கோடு போட்டால் திருத்தலாம், பிரித்துத் தைக்கிற மேஜைக்குப் போகும். குறுக்கே இரண்டாவது கோடும் விழுந்தால் தேறாது, கழிவு மூட்டைக்குப் போகும். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும், முதலாளியே வந்து முறைத்தாலும், விழுந்த கோட்டை அவள் அழித்தது கிடையாது. தம்பியின் வீட்டுப்பாட நோட்டிலும் அதே சாக்பீஸ்தான். காலையில் அவன் பள்ளிக்குக் கிளம்பும்போது சட்டையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவாள். தட்டு விழுந்தால் இன்றைக்கு எல்லாம் சரி என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த வாரத்திலேயே தம்பி மனைவிக்கும் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற பிறகு அக்கா நாலு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். தம்பி வீட்டுக்கு வரச் சொன்னதற்கு, "உன் குளியலறைக் கதவைத் தூக்கிச் சாத்துற வயசு எனக்கு இல்லடா" என்று சொல்லிவிட்டாள். நாலு வருடத்துக்கு முன் தம்பி ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தார். ஆபீஸ் ஸ்டோரில் மிச்சமாகக் கிடந்தது. சாம்பல் பெட்டி.

அக்கா வாங்கிய பொருளைச் சோதிக்காமல் விடுகிறவளா. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பதினோரு மணிக்குப் பொத்தானை அமுக்குவாள். தம்பியின் போன் அடிக்கும். "வந்துச்சுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். அவள் நோட்டில் தேதி போட்டு 'சரி' என்று எழுதுவாள். சில செவ்வாய்க்கிழமைகளில் தம்பி வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். அன்றைக்குப் பெட்டி மறுபடி போன் போடாது. சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே நிற்கும். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினால்தான் அடங்கும். "என்னடா இது, ஒரு தடவைக்கு மேல அடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டதற்கு, "பழைய பெட்டி அக்கா, அது அப்படித்தான்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அவள் கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கும் நீலச் சாக்பீஸை எடுத்து நோட்டில் ஒற்றைக் கோடு போட்டாள்.

இந்த நிலைமையில் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு அம்மாள் வேலைக்கு வந்தார். பிள்ளைகளை வளர்க்க ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எல்லோரும் அவரைப் புது மேடம் என்றார்கள். வேறு வேலை கொடுக்கத் தோன்றாமல், "லிஸ்ட்டைப் படிச்சுப் பழகிக்கோங்க" என்று பச்சையண்ணன் தன் பட்டியலை அவரிடம் தள்ளிவிட்டார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதையும் தெரியாமல் செய்தார்.

புது மேடம் பட்டியலைப் படித்தார். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதப்பட்ட பட்டியல். இருநூற்று நாற்பதாவது வரியில், 'சாம்பல் பெட்டி: முதல் அழைப்பு கிடைக்காவிட்டால் இரண்டாவது அழைப்பு போகாது. வன்பொருள் குறை, சாஃப்ட்வேரால் சரிசெய்ய இயலாது' என்று இருந்தது. தேதி ஆறு வருடத்துக்கு முந்தியது. திங்கட்கிழமை ஒரு நாள் முழுக்க ஒரு சாம்பல் பெட்டியோடு மல்லுக்கட்டினார். சாயங்காலம் சாஃப்ட்வேரில் ஒரே ஒரு வரியை மாற்றினார். மாற்றியது அன்றே முன்னோட்டமாக ஊழியர் குடும்பங்களின் பெட்டிகளுக்குப் போனது. எந்த மாற்றமானாலும் முதலில் சொந்தக்காரர்கள் வீட்டில் ஓட்டிப் பார்ப்பது அந்தக் கம்பெனி வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலையில் திரை சிவப்பாக இருந்தது.

ஏன் சிவந்தது என்று கேட்டால், பெட்டி சரியாக வேலை செய்ததால்! தோற்கும் என்று குறி போட்ட டெஸ்ட் ஜெயித்துவிட்டால் அதுவும் கணக்கில் தப்புதான். யாராவது வந்து அந்தக் குறியை எடுத்துவிடுங்கள், இனி அது தேவையில்லை என்று திரை சொல்கிற விதம் அது. ஒரு வரியை அழித்தால் பச்சையாகிவிடும். அரை நிமிட வேலை.

ஆனால் அது ரிலீஸ் வாரம். வியாழக்கிழமை காலை புதிய சாஃப்ட்வேர் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். பட்டியல் ஏற்கெனவே பச்சையண்ணன் கையெழுத்தோடு பெட்டிகளை மொத்தமாக வாங்கி விற்கிற பெரிய கம்பெனிக்குப் போய்விட்டது. இப்போது ஒரு வரியை எடுத்தால், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். சரியாகிவிட்டது என்று சொன்னால், ஆறு வருடமாக இயலாது என்று கையெழுத்துப் போட்டது ஒரே நாளில் எப்படி சரியானது என்று கேட்பார்கள். அதற்கடுத்து மீதி முந்நூற்றுப் பதினாறையும் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவர் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான். பெட்டி நன்றாக வேலை செய்கிறதே என்ற எண்ணம் ஒரு ஓரத்தில்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மணி பதினொன்று. அவர் மேலாளரோடு போனில் மன்றாடிக்கொண்டிருந்தார். பேசி வைத்த அடுத்த நொடியில் போன் அடித்தது. அக்காவின் பெட்டி.

"டேய் தம்பி!" அக்காவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நீ பிஸியா இருந்தே. நான் ஒண்ணும் பண்ணல, சும்மா உக்காந்திருந்தேன். அதுவா ரெண்டாவது தடவ அடிச்சுதுடா. பெட்டி திருந்திடுச்சு!"

"அப்படியா அக்கா," என்றார் அவர். திரை சிவப்பாக அவர் எதிரிலேயே இருந்தது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று அவருக்குத் தெரியும்.

"நாலு வருஷமா இதுக்குத்தான் கோடு போட்டுட்டு இருந்தேன். சரி பண்ணவன் நல்லா இருக்கணும்."

"சரிக்கா, வேலை இருக்கு, வெக்கிறேன்."

மத்தியானம் புது மேடத்தைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

"உங்களை யாரு மேடம் அதைத் தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அது ஹார்டுவேர் குறையே இல்ல. அந்தப் பெட்டி லைனை வெக்கிறதுக்கு ரெண்டு செகண்ட் எடுத்துக்குது. நாம அதுக்கு முன்னாடியே லைனை வெச்சாச்சுன்னு நினைச்சுக்கறோம். அதோட அது குழம்பி நின்னுடுது. ரெண்டு செகண்ட் பொறுத்தா போதும், அப்புறம் ஒழுங்கா அடிக்குது. அவ்வளவுதான்."

"ரிலீஸ் வாரத்துல இப்படியெல்லாம் கை வெக்கக் கூடாது."

"லிஸ்ட்ல இருந்து அந்த ஒரு வரிய எடுத்துட்டா பச்சை ஆயிடும் சார்."

"லிஸ்ட் போயாச்சு."

"ஆனா சார், யாராவது விழுந்து கிடந்தா ரெண்டாவது போன் போகாதுன்னு எழுதியிருக்கு. அதைப் படிச்சிட்டு எப்படி சும்மா இருக்கிறது?"

எப்படிச் சும்மா இருப்பது என்று யாரிடம் போய்க் கேட்டார் பாருங்கள். பதினோரு வருடம் அந்தக் கலையில் ஊறியவரிடம். பச்சையண்ணன் பேனா மூடியைக் கடித்தார். பிறகு மேலாளருக்கு மறுபடி போன் போட்டார். மேலாளர் அவரைவிடப் பத்து வயது சின்னவர், அவரைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரர்.

"அண்ணே, எனக்கு வியாழக்கிழமை பச்சை வேணும். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்," என்று சொல்லிக் கை கழுவிவிட்டார்.

புதன்கிழமை பச்சையண்ணன் சாஃப்ட்வேரிலிருந்து புது மேடத்தின் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, பழைய வரியைத் திருப்பி வைத்தார். வழக்கம்போல் காரணமும் எழுதினார்: 'ரிலீஸ் வாரம், ரிஸ்க் தவிர்க்க.' டெஸ்ட் ஓடியது. எதிர்பார்த்தபடி தோற்றது. திரை பச்சையானது. ஆபீசே எழுந்து நின்று கை தட்டியது, ஒருவர் போய் கேக் வாங்கி வந்தார். பச்சையண்ணன் முதல் துண்டை வெட்டினார். நன்றாக ஓடிய பொருளைக் கெடுத்துவிட்டு, அதற்குக் கேக்கும் வெட்டுகிற தொழில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. புது மேடம் மட்டும் கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அக்காவின் ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு நான் செய்கிற நியாயம் ஆகாது. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நினைத்தார். 'அடுத்த ரிலீஸ்ல போட்டுடலாம். மூணு மாசம். அதுவரைக்கும் நான் போனை எடுக்காமலா இருந்துடப் போறேன்?' இதுவும் ஒரு வரிக் காரணம்தான். மனதுக்குள் எழுதிக்கொண்டு கேக்கைச் சாப்பிட்டார். மாற்றி வைத்த சாஃப்ட்வேர் அன்று சாயங்காலமே முன்னோட்டமாக அக்கா வீட்டுப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அக்கா சமையலறையில் வழுக்கி விழுந்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் தரையில் சிந்தியிருந்தது. வலது மணிக்கட்டு மடங்கியது, இடுப்பில் மளுக்கென்று ஒரு சத்தம். எழ முடியவில்லை. இடது கையால் கழுத்துப் பொத்தானை அமுக்கினாள்.

அந்த நேரத்தில் பச்சையண்ணன் மேலாளரோடு போனில் இருந்தார். மேலாளர் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பேசும்போது குறுக்கே வேறு அழைப்பு நுழையக் கூடாது என்று தன் போனில் அந்த வசதியை அவர் எப்போதோ நிறுத்திவைத்திருந்தார். அதனால் அக்காவின் அழைப்பு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. புகழ்ச்சி நாற்பது நிமிடம் நீண்டது. பெட்டியில் இரண்டாவதாக அவர் மனைவியின் எண் இருந்தது. பெட்டி அதுவரைக்கும் போகவே இல்லை. முதல் எண்ணிலேயே சிக்கி, சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

மத்தியானம் ஒரு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்த எதிர்வீட்டு பஸ் டிரைவர், அக்காவின் கதவில் மாட்டிய பால் பாக்கெட் எடுக்கப்படாமல் வெயிலில் தொங்குவதைப் பார்த்தார். கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து, "திறந்துட்டு வாப்பா, என்னால எந்திரிக்க முடியல" என்று சத்தம் வந்தது. தோளால் இடித்துத் திறந்தார். பச்சையண்ணனுக்கு போன் போட்டது அவர்தான். அப்போது பச்சையண்ணன் மிச்சமிருந்த கேக்கை யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்பில் ஆபரேஷன், கையில் மாவுக்கட்டு. மூன்றாவது நாள் அக்காவுக்குப் பேசத் தெம்பு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"டேய். செவ்வாக்கிழமை ரெண்டாவது தடவ அடிச்சுது. வியாழக்கிழமை ஏன் அடிக்கல?"

"பழைய பெட்டி அக்கா. சில சமயம் அப்படித்தான்..."

"அமுக்கிட்டு அறுபது எண்ணினேன். செவ்வாக்கிழமை அடிச்சுதே, இப்பவும் அடிக்கும்னு மறுபடி அறுபது எண்ணினேன். ஒரு மணி வரைக்கும் எண்ணினேன்டா." அவள் குரலில் அழுகை இல்லை. "திங்கக்கிழமை நல்லா வந்த தையல் புதன்கிழமை பிரிஞ்சு வந்தா நான் மெஷினைக் கேக்க மாட்டேன். ஆளைத்தான் கேப்பேன். யாரோ சரி பண்ணியிருக்காங்க. யாரோ கெடுத்திருக்காங்க. யாரு?"

அவர் ஆரஞ்சுத் தோலை மடித்து மடித்து வைத்தார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அக்காவின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"திரை சிவப்பாயிடுச்சு அக்கா. ரிலீஸ் வாரம்."

"ஒழுங்கா வேலை செஞ்சதுக்கா சிவப்பு?"

"அது தோக்கும்னு நாங்க எழுதி வெச்சிருந்தோம். தோக்காம போனா அதுவும் சிவப்புதான்."

"தோக்கும்னு எழுதி வெச்சிருந்தீங்க. எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

அக்கா இடது கையால் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அந்தப் பொத்தானை என் கழுத்துல எப்ப மாட்டினே?"

அவர் ஆரஞ்சுச் சுளையைத் தட்டில் வைத்தார். பதில் சொல்லத் தேவையும் இல்லை. நோட்டு அவளிடம்தான் இருக்கிறது, முதல் தேதி அதில் இருக்கிறது.

"நர்ஸைக் கூப்பிடு. தலையணை சரியில்ல," என்றாள் அக்கா.

ஒரு மாதம் கழித்து அவள் வீடு திரும்பினாள். கைப்பிடி வைத்த நடைவண்டியோடு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். வலது கையில் கட்டு இன்னும் இருந்தது. எதிர்வீட்டு டிரைவரின் மனைவி சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். தம்பி பக்கம் அவள் பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைகளில் நின்றது.

பச்சையண்ணன் இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் புத்தம்புது வெள்ளைப் பெட்டியோடு வந்தார். சாம்பல் பெட்டியைக் கழற்றி வைத்தார். வெள்ளைப் பெட்டியை மாட்டி, தன் போனை வேண்டுமென்றே பிஸியாக்கி, இரண்டாவது அழைப்பு வருவதையும் காட்டினார். பெட்டி அழகாக அடித்தது. அவருக்கே முகம் மலர்ந்தது.

"பாத்தியா அக்கா? இதுல அந்தப் பிரச்சனையே கிடையாது."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "மத்தவங்க பெட்டி?"

"எந்த மத்தவங்க?"

"என்னை மாதிரி இந்தச் சாம்பல் பெட்டிய வெச்சிருக்கவங்க. ஆயிரக்கணக்குல இருக்காங்கன்னு நீதானே சொன்னே. அவங்களுக்கு அந்தத் திருத்தத்தைப் போட்டுட்டியா?"

இது ஒரு நல்ல வாய்ப்பு. போட்டுவிடுகிறேன் அக்கா, நாளைக்கே போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னதோடு நிற்காமல் போட்டும் இருக்கலாம். புது மேடம் தினமும் காலையில் வந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முழு ஒரு மாதம் கையில் இருந்தது.

"அடுத்த ரிலீஸ்ல அக்கா," என்றார் பச்சையண்ணன். "இப்ப லிஸ்ட்லேர்ந்து எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. அவங்க யாரும் புகார் பண்ணலையே."

அக்கா தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டினாள். பிறகு, "சரி, நேரமாச்சு, கிளம்பு" என்றாள். மடியிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினாள். எழ வேண்டாம் என்று அவர் சொல்லியும் கேட்காமல், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அவர் செருப்பு மாட்டக் குனிந்தபோது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அவர் முதுகில் கையை வைத்தாள். ஒரு தட்டு. அப்புறம் இடது கையால் இப்படியும் அப்படியுமாக ஒரு தடவல்.

அக்கா மன்னித்துவிட்டாள். தெருவில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நடந்தார். மளிகைக்கடைக்காரர் அவர் போவதையே பார்த்தார். இவர் திரும்பி ஒரு வணக்கம் வைத்தார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நல்ல மனநிலையில் இருந்ததால் அதையும் அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் நுழைந்து மனைவியிடம் சொன்னார். "அக்கா சரியாயிட்டா. கிளம்பும்போது முதுகுல தட்டி அனுப்பினா, சின்ன வயசுல மாதிரி."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்படியா?" என்று நிமிர்ந்தவள், அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பியதும் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்னங்க, சட்டையக் கழட்டுங்க."

"ஏன்?"

"கழட்டுங்க."

கழற்றி விரித்தார். வெளிர்நிறச் சட்டையின் முதுகில் நீலச் சாக்பீஸ். இடது கையால் போட்டதால் கோடு கொஞ்சம் கோணலாக இருந்தது. ஒற்றைக் கோடாக இருக்காதா என்று அவர் விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். திருத்தலாம் என்று அர்த்தமாகுமே. மடிப்பை நீவிவிட்டுப் பார்த்தார். குறுக்கே இரண்டாவது கோடு அழுத்தமாக, முதல் கோட்டைவிட அழுத்தமாக இருந்தது.

"அக்காவுக்குக் கை நடுங்குது," என்று ஆரம்பித்தார். "ஒரு கோடுதான் போட நினைச்சிருப்பா. அது தவறி..."

மனைவி தண்ணீர் வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

"துவைச்சாப் போயிடுமா?" என்று கேட்டார்.

அவள் சட்டையை வாங்கி வாளியில் போட்டாள்.

"சட்டையிலேர்ந்து போயிடும்," என்றாள்.